சிங்காரம் நீந்திய ஆறு

11-2-1945

பர்மாவுல இருக்கோம். ஊர் பேர் எழுதக் கூடாதுன்னு உத்தரவு. எழுதணும்னாலும் வாயில நுழையற பேரா அது?

இந்த நோட்டே வெச்சிருக்கக் கூடாது. சுபேதார் பொன்னுரங்கம் கண்ணுல பட்டா அடுப்புல போட்டுடுவார். ஆனா ஏழு வயசுல நாடகக் கம்பெனியில சேர்ந்த நாள்லேருந்து தினம் நாலு வரி எழுதலேன்னா எனக்குச் சோறு இறங்காது. அதனால எழுதறேன்.

நான் கும்பகோணம் சிங்காரம். மூணு படத்துல கதாநாயகன். எனக்கே மறந்துடும் போல இருக்கு, அதான் எழுதி வெக்கிறேன். இன்னிக்குக் காலையிலேருந்து நாற்பது மூங்கில் வெட்டினேன். கையெல்லாம் கொப்புளம். இந்தக் கை இருக்கற போட்டோவைத்தான் மதராஸ்ல பெண்கள் வீட்டுல மாட்டி வெச்சிருக்காங்க.

பட்டாளத்துக்கு வந்தது என் வாய்க்கொழுப்பால. மதராஸ் கடற்கரையில ஆள் சேர்க்கற கூட்டம், ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. பேசிக்கிட்டே போனவன் கைதட்டலைக் கேட்டு, "ஏன் தயங்கறீங்க? இதோ, நானே முதல் ஆள்!"ன்னு மார்ல அடிச்சுட்டேன். நாடகமா இருந்தா அந்த இடத்துல திரை விழும். இங்கே விழலே. அப்படியே தோள்ல தூக்கிட்டுப் போய்க் கையெழுத்து மேஜை முன்னால இறக்கி விட்டாங்க.

மறுநாள் ஸ்டூடியோவுல என் கூட வேலை பார்த்த சவரிமுத்துவும் சேர்ந்துட்டான். அவனாத்தான் வந்தான். நான் கூப்பிடலே.

12-2-1945

மூங்கில். மலேரியாவுக்கு மஞ்சள் மாத்திரை. பருப்பு. மூங்கில்.

13-2-1945

சாயங்காலம் சினிமா வண்டி வந்தது. ரெண்டு லாரிக்கு நடுவுல துணி கட்டிப் படம் போட்டாங்க. என்ன படம்? என் மூணாவது படம்! எங்க பட்டாளக் கம்பெனியே கூத்தாடுது. வெள்ளைக்கார மேஜர் துரை கூட நாற்காலி போட்டு உக்காந்துட்டார்.

வெள்ளம் சுழிச்சு ஓடற ஆத்துல கோட்டை மேலேருந்து நான் குதிச்சு, வாயில கத்தியைக் கடிச்சுக்கிட்டு நீந்தற கட்டம் வந்தது. பசங்க போட்ட விசில்ல காதே அடைச்சுப் போச்சு. "சிங்காரண்ணே! சிங்காரண்ணே!"

என் பக்கத்துல சவரி பிஸ்கோத்தைக் கடிச்சுக்கிட்டே பார்த்தான். "கால் லேசா வளைஞ்சிடுச்சு பாரு அண்ணாத்த. இன்னொரு தபா எட்த்திருக்கலாம்"ன்னான், என் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி.

குதிச்சது அவன். நீந்தினது அவன். நான் கரையோரமா இடுப்பளவு தண்ணியில முழுகி எழுந்து முகத்தைக் காட்டினவன். ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். காசிமேட்டுக்காரன், மீன் குட்டி. எனக்குக் குளத்துப் படிக்கட்டே ஆகாது.

இது முதலாளி, டைரக்டர், நான், சவரி நாலு பேருக்குத்தான் தெரியும். முதல் படத்துக்குப் பூஜை போட்ட அன்னிக்கு, கேமரா முன்னால எரிஞ்ச கற்பூரத்துல அவன் கையை வெச்சு, யார் கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டார் முதலாளி. கழுத்துல சிலுவையோட கற்பூரத்துல சத்தியம் பண்ணான் பாவி. பொண்டாட்டி லூர்துமேரி கிட்ட கூடச் சொன்னதில்லே. அவ இவன் ஸ்டூடியோவுல லைட்டு தூக்கறான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.

படம் முடிஞ்சதும் மேஜர் துரை எனக்குக் கை கொடுத்தார். நல்ல மனுஷன்.

15-2-1945

நாசமாப் போக அந்த சினிமா வண்டி!

மத்தியானம் மேஜர் கூடாரத்துக்குக் கூப்பிட்டாங்க. மேஜருக்குத் தமிழ் வராது, எனக்கு "எஸ் சார்" தவிர இங்கிலீஷ் வராது. நடுவுல சுபேதார் நின்னு பேசினார்.

எங்களுக்கு முன்னால ஓடற ஆறு முந்நூறு அடி அகலம். அக்கரையில சப்பான்காரன் இருக்கானா, காலி பண்ணிட்டானா தெரியலே. நாளைக்கு விடியற நேரத்துல ஒருத்தன் இடுப்புல மெல்லிசுக் கயிறைக் கட்டிக்கிட்டு நீந்திப் போகணும். அக்கரையில யாரும் இல்லேன்னா எங்க பக்கம் திரும்பி நின்னு ரெண்டு கையையும் தூக்கணும். அப்புறம் கயிறைப் பிடிச்சுத் தெப்பம் இழுத்துக்கலாம். ஏதாவது ஏடாகூடமாத் தெரிஞ்சா இங்கேருந்து மோர்ட்டார் குண்டு போட்டு அக்கரையைச் சுத்தம் பண்ணிடுவாங்க.

"துரை உன்னைத்தான் கேக்கறார். படத்துல பார்த்தாராம். பேர் வாங்கிக் கொடுப்பா நம்ம கம்பெனிக்கு"ன்னார் சுபேதார்.

எனக்கு நீச்சல் தெரியாது. மூணே வார்த்தை. வாயைத் தொறந்தேன். "எஸ் சார்"ன்னு வந்தது.

அதே நாள், இருட்டறதுக்கு முன்னால

சவரி துணி அலசிக்கிட்டு இருந்தான். போய்ப் பக்கத்துல உக்காந்தேன்.

"சுபேதாரு சொல்லிக்கினு இருந்தாரு, தெர்யும்"ன்னான் நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே.

"மேஜர் கிட்ட போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்டா."

"சொல்லேன்."

நான் எழுந்திருக்கலே. அவன் சட்டையைப் பிழிஞ்சு உதறினான். "நீ எங்க சொல்லப் போற அண்ணாத்த? எத்தினி அடி?"

"முந்நூறு."

"ப்பூ! இதுக்கா மூஞ்சி இப்டி வெளுத்துப் பூட்ச்சு?"

உடம்பு பூரா எண்ணெயும் கரியும் பூசிக்கிட்டுத்தான் போகணும்னு உத்தரவு. விடியற மங்கல்ல யார் யாருன்னு யாருக்குத் தெரியும்? நான் மூங்கில் புதருக்குள்ள கரி பூசிக்கப் போறது, அவன் வெளியில வர்றது. வேலை முடிஞ்சதும் அவன் அதே புதருக்கு நீந்தி வந்துடணும், நான் வெளியில வந்துடணும். அவனுக்குக் காய்ச்சல், படுத்திருக்கான்னு முன்னாலயே சொல்லி வெச்சுடலாம். ஷூட்டிங்ல ஆறு வருஷமாப் பண்ணதுதானே.

"ஊருக்குப் போனதும் ஒரே ஒரு படத்துல என் மூஞ்சி தெரியணும் அண்ணாத்த. லூர்துமேரி பார்க்கணும்"ன்னான்.

கண்டிப்பான்னேன். கை சாடை எப்படிக் காட்டணும்னு எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

16-2-1945

அக்கரை எங்க கையில. நான் உயிரோட இருக்கேன்.

17-2-1945

நேத்து அதுக்கு மேல எழுத முடியலே.

சவரி நல்லாத்தான் போனான். தண்ணி சத்தம் கூடக் கேக்கலே. பனி விலகறப்போ அக்கரையில ஏறிட்டான். நான் புதருக்குள்ள. மேஜரும் சுபேதாரும் என்கிட்டேருந்து இருபது தப்படியில, மரத்தடியில. மேஜர் கையில பைனாகுலர்.

சவரி மேலயும் கீழயும் நடந்து பார்த்தான். காலி. அப்புறம் நின்னு ரெண்டு கையையும் தூக்கினான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தூக்கினான்.

அது டூப்புக்காரன் பழக்கம். கேமரா இருக்கற பக்கம் செத்தாலும் திரும்ப மாட்டான். திரும்பினா முகம் விழுந்துடும், எடுத்ததெல்லாம் வீண். ஆறு வருஷம் அப்படியே உடம்புல ஊறிப் போச்சு.

ஆனா காட்டைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் நின்னா மேஜருக்கு என்னன்னு தெரியும்? மரத்துக்குப் பின்னால சப்பான்காரன் துப்பாக்கியை நீட்டறான், இவன் சரணடையறான்னுதானே தெரியும்?

கண் மூடித் தொறக்கறதுக்குள்ள மோர்ட்டார் வெடிச்சுது. ஓடிப் போய்ச் சொல்ல நேரமே இல்லே. மரத்துக்குத்தான் குறி வெச்சாங்க. முதல் குண்டு மரத்துக்கு முன்னாலயே, கரையில விழுந்துடுச்சு. புகை போனப்புறம் கரையில யாரும் இல்லே.

நான் கத்திக்கிட்டே தண்ணியில இறங்கிட்டேன். இடுப்பு, மார்புன்னு ஏறுது, அதுக்கு மேல கால் வரமாட்டேங்குது. "சவரி, சவரி"ன்னு கத்தறேன், அந்தச் சத்தத்துல எனக்கே கேக்கலே. பின்னாலேருந்து பசங்க வந்து இழுத்தாங்க. கரி பூசின உடம்பு, சொட்டச் சொட்டத் தண்ணி. "சிங்காரண்ணன் திரும்பி வந்துட்டாரு! குண்டு மழையில நீந்தி வந்துட்டாரு!"ன்னு தூக்கிக்கிட்டாங்க.

மேஜர் துரை என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார்.  நம்ம ஆளையே கொன்னுட்டோமோன்னு நினைச்சுட்டாராம்.

நானும் அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

அந்தப் பக்கம் போன பசங்க கயிறைக் கண்டெடுத்தாங்க. ஒரு மரத்துல அழுத்தமாக் கட்டியிருந்தது. அவன் உடம்பை ஆறு அடிச்சுட்டுப் போயிடுச்சு போல. கையைத் தூக்கறதுக்கு முன்னாலயே கட்டிட்டான். அதைப் பிடிச்சுத்தான் கம்பெனி முழுக்க ஆத்தைத் தாண்டிச்சு.

18-2-1945

காலையில பேர் கூப்பிட்டாங்க. "சவரிமுத்து!" பதில் இல்லே. மறுபடி கூப்பிட்டாங்க. சமையல்காரன், "காய்ச்சல்னு படுத்திருந்தான், முந்தாநாள்லேருந்து ஆளைக் காணோம்"ன்னான். துப்பாக்கி இருக்கு, போர்வை இருக்கு, ஆள் இல்லே.

சுபேதார் பட்டியல்ல அவன் பேருக்கு நேரா எழுதினார். ஓடிப்போனவன்.

"சண்டை வர்ற நேரத்துல காய்ச்சல்னு படுத்தப்பவே நினைச்சேன், பயந்தாங்கொள்ளிப் பய. ஊர் போலீசுக்கு எழுதிடறேன், வீட்டுல போய்த் தேடட்டும்"ன்னார்.

காசிமேட்டுல லூர்துமேரி வீட்டு வாசல்ல போலீஸ்காரன் நிப்பான். தெருவே பார்க்கும்.

எனக்கு மெடலுக்கு எழுதி அனுப்பியாச்சாம்.

19-2-1945

நேரமே இல்லேன்னு முந்தாநாள் எழுதியிருக்கேன். பொய். இந்த நோட்டுக்குக் கூடப் பொய் சொல்றேனே, தூ!

நேரம் இருந்தது. அவன் கையைத் தூக்கினதும் மேஜர் ஏதோ கத்தினார். சுபேதார், "ரெண்டு நிமிஷம் பார்ப்போம் சார், நம்ம பையன் திரும்பறானா பார்ப்போம்"ன்னு முதல்ல தமிழ்ல உளறிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னார். என் காதுல தெளிவா விழுந்தது. பார்த்தாங்க. சவரியும் கையை இறக்காம நின்னான். இருபது தப்படி. நடந்து போய், "சார், அது நான் இல்லே"ன்னு சொல்லியிருக்கலாம். என் மூஞ்சியைக் காட்டினாலே போதும். சொல்லவே வேண்டாம்.

போனா என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அவனே திரும்பிடுவான்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷம் ரொம்ப நேரம். அவ்வளவு நேரமும் நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

20-2-1945

சுபேதார் கிட்ட சொல்லிட்டேன்.

முழுசாக் கேட்டுட்டு, பீடியைக் கீழ போட்டு மிதிச்சார். "பைத்தியமா உனக்கு?"

"சவரி ஓடிப்போகலே சார். செத்துட்டான்."

"துரை போட்ட குண்டுல நம்ம ஆள் செத்தான்னு அவர் கிட்ட போய்ச் சொல்லச் சொல்றியா? இருபத்தஞ்சு வயசு அவருக்கு. தாங்குவாரா? மெடலுக்கு எழுதினது மேலிடத்துக்குப் போயாச்சு. கம்பெனியே சிரிப்பாச் சிரிச்சுப் போகும். வாயை மூடிட்டுப் போ."

நான் போகலே. நேரா மேஜர் கூடாரத்துக்கு நடந்தேன். பின்னாலயே ஓடி வந்தார் சுபேதார். மேஜர் முன்னால நின்னு, நீந்தினது சவரின்னும், எனக்கு நீச்சலே தெரியாதுன்னும் அழுதுக்கிட்டே சொன்னேன். மேஜர் சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார், நாலஞ்சு வார்த்தைதான். மேஜர் எழுந்து வந்து என் தோள்ல தட்டிக் கொடுத்தார்.

வெளியில வந்து கேட்டேன், என்ன சார் சொன்னீங்கன்னு.

"உன் சிநேகிதன் ஓடிப்போனது உனக்கு அவமானமா இருக்குன்னு சொன்னேன்."

அந்த ஆளை அடிச்சிருப்பேன். கை வரைக்கும் வந்துடுச்சு. யாருக்காக அடிக்கறது? இருபது தப்படி நடக்காதவன் நான்.

21-2-1945

மூங்கில். நாற்பத்திரண்டு.

22-2-1945

பட்டாளத்துப் படம் புடிக்கறவங்க வரப் போறாங்களாம். நான் ஆத்தை நீந்தினதை மறுபடி நடிச்சுக் காட்டணுமாம். அந்தத் துண்டுப் படத்தை மதராஸ்ல எல்லாக் கொட்டகையிலயும் போடுவாங்களாம். அதுக்குப் பேர் கூட வெச்சாச்சுன்னு பசங்க குதிக்கறாங்க.

சுபேதார் தனியாக் கூப்பிட்டு, "பயப்படாதே. கரையிலேருந்து இறங்கற மாதிரி ஒண்ணு, முழுகி எழுந்து முகம் காட்டற மாதிரி ஒண்ணு. நடுவுல நீந்தறதுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம். உனக்குத் தெரியாத வேலையா?"ன்னார்.

ராத்திரி பூரா அந்த வார்த்தை காதுல. வேற ஆளைப் போட்டுக்கலாம்.

24-2-1945

இன்னிக்குக் காலையில நடந்ததை எழுதறேன். 

ஒரு வெள்ளைக்காரச் சார்ஜண்டு கேமராவை மூணு காலுல நிறுத்தியிருந்தார். கம்பெனி பூரா கரையில. மேஜர் துரை புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

கேமரா ஓட ஆரம்பிச்ச சத்தம் கேட்டுது. ஆறு வருஷமா அந்தச் சத்தத்துக்கு நெஞ்சை நிமிர்த்தினவன் நான். இன்னிக்குப் பயம்னா அப்படி ஒரு பயம். சுபேதார் கண்ணாலயே, முட்டி வரைக்கும் போதும்னார்.

நான் முட்டியில நிக்கலே. இடுப்புலயும் நிக்கலே. மார்பு வந்ததும் அன்னிக்கு எந்த இடத்துல கால் வரலேன்னு நின்னுதோ அங்கேயே இன்னிக்கும் நின்னுடுச்சு. திரும்பிப் பார்த்தா எல்லாரும் கைதட்டறாங்க. "போங்கண்ணே!" கண்ணை மூடிக்கிட்டு ஒரு எட்டு வெச்சேன். கீழ ஒண்ணுமே இல்லே.

நாலு வாய் தண்ணி குடிச்சப்புறமும் மேல கைதட்டல் கேட்டுது. நடிக்கறேன்னு நினைச்சுட்டாங்க படுபாவிங்க! முழுகறேன், எழுந்திருக்கறேன், கையை எங்கே எப்படிப் போடறதுன்னே தெரியலே. அம்மா, அம்மான்னு கத்தறதுக்கு வாயைத் தொறந்தா ஆறே உள்ள வருது. சாகணும்னு நான் இறங்கலே. சத்தியமா இல்லே. சாகப் போறேன்னு தெரிஞ்சதும் ரொம்ப ஆசையா இருந்தது, உயிரோட இருக்கணும்னு.

கைதட்டல் எப்போ நின்னுதுன்னு தெரியலே. தெப்பத்துலேருந்து ரெண்டு பேர் குதிச்சு என் தலைமயிரைப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டாங்க. குப்புறப் போட்டு அமுக்கினாங்க. குடிச்ச தண்ணியெல்லாம் மேஜர் பூட்ஸ் மேல வாந்தி எடுத்தேன்.

கம்பெனியே ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துது. ஒரு கரையோரம் இறங்கி நாலடி நீந்தத் தெரியாதவன், குண்டு மழையில முந்நூறு அடி போய் முந்நூறு அடி வந்தானா? அதை யாரும் யாருக்கும் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்ல வேண்டியதே இல்லாமப் போச்சு.

மேஜர் என் பக்கத்துல மண்டி போட்டார். முகம் சுண்ணாம்பா வெளுத்திருந்தது. "ஹூ?"ன்னார். ஒரே வார்த்தை. எனக்கே புரிஞ்சுது.

"சவரிமுத்து"ன்னேன்.

அவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆச்சு.

26-2-1945

காவல் கூடாரத்துல இருக்கேன். விசாரணைக்காகப் பின்னால இருக்கற பெரிய முகாமுக்கு அனுப்பப் போறாங்க. பொய் சொன்னது, வேற ஆளை அனுப்பினது, எல்லாத்துக்கும் தண்டனை உண்டாம். கொடுக்கட்டும். மேஜர் ரெண்டு நாளாச் சாப்பிடலேன்னு சமையல்காரன் சொன்னான். அந்த மனுஷனுக்கு நான் பண்ணது ஜன்மத்துக்கும் தீராது.

பட்டியல்ல "ஓடிப்போனவன்"னு இருந்ததை அடிச்சாச்சு. ஆத்தைக் கடந்து கயிறு கட்டினப்போ இறந்தான்னு எழுதி, மேஜரே தன் கையால கையெழுத்துப் போட்டிருக்கார். சுபேதார் கொண்டு வந்து காட்டினார். என் மூஞ்சியைப் பார்க்காமக் காட்டினார்.

"அந்தப் பொண்ணுக்கு நீயே எழுதணும்னு துரை உத்தரவு. எழுதிக் கொடு, நான் படிச்சுட்டுத்தான் தணிக்கை முத்திரை குத்தணும்"ன்னு காகிதம் கொடுத்துட்டுப் போனார்.

எழுதினதை இங்கேயும் ஒரு நகல் எடுத்து வெக்கிறேன்.

"தங்கச்சி லூர்துமேரிக்கு, கும்பகோணம் சிங்காரம் எழுதுவது. உன் புருஷன் சவரிமுத்து பிப்ரவரி பதினாறாம் தேதி காலையில் இறந்துவிட்டான். எங்கள் கம்பெனி ஆற்றைத் தாண்டியது அவன் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான். ஓடிப்போனான் என்று போலீஸ்காரன் வந்து சொல்லியிருந்தால் அது பொய். என்னால் வந்த பொய்.

"அவன் ஸ்டூடியோவில் லைட் தூக்கவில்லை. என் மூன்று படத்திலும் கோட்டையிலிருந்து குதித்ததும், குதிரையிலிருந்து விழுந்ததும், ஆற்றில் நீந்தியதும் அவன். எனக்கு நீச்சல் தெரியாது. பட்டாளத்திலும் என் பேரில் அவன்தான் நீந்தினான். அவன் தானாகப் பட்டாளத்தில் சேரவில்லை. கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே ஸ்டூடியோ வாசலில் அவனைப் பிடித்து, நீயும் வாடா என்று நான் கெஞ்சினேன்.

"அக்கரையில் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்று கையைத் தூக்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பழக்கத்தால் திரும்பவில்லை என்று இது வரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் அவன் என்னைக் கேட்டான், திரும்பித்தானே நிற்க வேண்டும் என்று. துரை பைனாகுலர் வைத்துப் பார்ப்பார், கரியையும் மீறி உன்னை அடையாளம் தெரிந்துவிடும், திரும்பாதே, முதுகைக் காட்டியபடியே கையைத் தூக்கு என்று நான்தான் சொன்னேன். சரி அண்ணாத்த என்றான்."

சாயங்காலம் சுபேதார் வந்து, நின்னுக்கிட்டே படிச்சார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் உக்காந்துட்டார். மறுபடி முதல்லேருந்து படிச்சார்.

"இந்தக் கடைசியை எடுத்துடு சிங்காரம்"ன்னார். முதல் தடவையாப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "துரைக்கு இது தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு தாங்க மாட்டா."

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

"அவ உன்னை வாழ்நாள் பூரா சபிப்பாளேடா."

"ஆமாம் சார்."

முத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் மனசு மாறுவேன்னு காத்திருந்தார் போல. அப்புறம் காகிதத்தை மடிச்சு, உறையில போட்டு, குத்தினார்.